ஆற்றல் அழியாதென்றால் ஃபேனை ஏன் அணைக்கணும்?



சேலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றரைப் பக்கம் மனக்குறை, அரைப் பக்கம் கேள்வி. அந்த அரைப் பக்கத்துக்காகவே இந்தத் தடவை நம் பகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

அவருடைய மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது. கூடவே, மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை எழுந்து நின்று, "டீச்சர், அழிக்கவே முடியாதுன்னா எதுக்குச் சேமிக்கணும்? ஃபேன் சும்மா ஓடினா என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். "அதிகப்பிரசங்கி, உட்காரு! பரீட்சைக்கு இருக்கிறதைப் படி" என்று பதில் கிடைத்ததாம். அன்றிலிருந்து குழந்தை, "எனக்கு சயின்ஸ் வராதும்மா" என்று புத்தகத்தையே தொடுவதில்லை.

"நான் பத்தாவது வரை படித்தவள். எனக்கும் பதில் தெரியவில்லை. அவளுக்கு என்ன சொல்வது?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். முப்பது வருஷம் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு மாரடித்தவள் நான். நாற்பது பிள்ளைகளையும், முடிக்க வேண்டிய பாடத்தையும் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது, பத்து, பதினொரு வயதில்தான் பிள்ளைகள் 'ஏன்?' என்று நிஜமாகக் கேட்கிறார்கள். அந்த வயதில் வாயை அடைத்துவிட்டால் அப்புறம் திறப்பது கஷ்டம். அதுவும் பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

அம்மா, உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்வி சாமானியமானதல்ல. வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறும், கணக்கில் குறையாது என்று இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்பவர் 1840களில் சோதனை செய்து காட்டினார். 1847ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த கூட்டத்தில் அதைக் கேட்ட வில்லியம் தாம்சன் என்ற இளம் விஞ்ஞானிக்கு இதே குழப்பம்தான் வந்தது. அழியாது என்கிறீர்களே, அப்படியானால் வீணாகிப் போகிறதே, அது என்ன? இதற்கு அவர் தெளிவாகப் பதில் எழுதியது 1852ல். பெரிய மேதைக்கே ஐந்து வருஷம் பிடித்த கேள்வி இது. உங்கள் மகள் அதை ஐந்தாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டாள்!

பதிலை இப்போதே சொல்லிவிட்டால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவாள். அதனால் நாலைந்து சாயங்காலங்கள் ஒதுக்குங்கள். வேறு செலவு கிடையாது. உங்கள் சமையலறையே சோதனைச்சாலை.

வார்த்தையில் இருக்கிற வம்பு

நம் வீடுகளில் 'சக்தி' என்ற சொல் படாத பாடு படுகிறது. "உடம்பில் சக்தியே இல்லை" என்கிறோம். தூங்கி எழுந்தால் சக்தி வந்ததென்கிறோம். தண்ணீர் குடித்தால் தெம்பு என்கிறோம். பாட்டில் பானத்து விளம்பரத்தில் 'எனர்ஜி' என்று துள்ளிக் குதிக்கிறார்கள். புத்தகமோ 'ஆற்றல்' என்கிறது. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

என் வகுப்பில், "ஆற்றல்னா என்னடா?" என்று கேட்டால் ஒருவன், "பெட்ரோல் டீச்சர்" என்பான். இன்னொருவன், "கரண்ட் டீச்சர்" என்பான். முதல் பெஞ்சுப் பெண், "வேலை செய்யும் திறமையே ஆற்றல் எனப்படும்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். மூவரில் யாருக்குப் புரிந்திருக்கிறது? மேஜைமேல் சும்மா இருக்கும் கல்லுக்கு ஆற்றல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மூவருமே விழிப்பார்கள். உயிருள்ளதற்கும் ஓடுகிறதற்கும்தான் ஆற்றல் உண்டு என்று பெரும்பாலான பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன் 1966ல் விஞ்ஞான ஆசிரியர்கள் மத்தியில் பேசும்போது ஒரு பாலர் புத்தகத்தைக் கிண்டல் செய்தார். சாவி கொடுத்த பொம்மை எதனால் ஓடுகிறது? ஆற்றலால். மோட்டார் சைக்கிள் எதனால் ஓடுகிறது? ஆற்றலால். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்றால் பிள்ளை கற்றுக்கொண்டது ஒரு வார்த்தையை மட்டும்தான் என்றார். அவர் சொன்ன பரீட்சை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதிதாகப் படித்த அந்த வார்த்தையை உபயோகிக்காமல் விஷயத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். சொன்னால் புரிந்தது; முழித்தால் புரியவில்லை.

ஆகவே முதல் நாள் 'ஆற்றல்' என்ற பேச்சே வேண்டாம். கண்ணில் படும் எதையாவது காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். இது எதனால் நடக்கிறது? அது எங்கிருந்து வந்தது? முடிந்த பிறகு எங்கே போகும்?

முதல் சாயங்காலம்: பந்தும் ரப்பர் பேண்டும்

ஒரு பந்தைத் தோள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடச் சொல்லுங்கள். எகிறும். ஆனால் போட்ட உயரத்துக்கு வராது. அடுத்த தடவை இன்னும் குறையும். கடைசியில் அடங்கிவிடும். "எங்கேடி போச்சு?" என்று கேளுங்கள். "தீர்ந்துபோச்சு" என்பாள். "தொப்புன்னு சத்தம் கேட்டுதே, அது எதிலிருந்து வந்தது?" என்று மடக்குங்கள். கொஞ்சம் சத்தமாகப் போயிற்று. மீதி?

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். சூடு தெரியும். பிறகு ஓர் அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் ஒற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சூடாக இருக்கும். சில விநாடி பொறுத்து, தளர விட்டு உடனே ஒற்றினால் ஜில்லென்றிருக்கும். பிள்ளைகள் இதை இருபது தடவை செய்யாமல் விடமாட்டார்கள்!

பந்தின் மீதியும் இப்படித்தான் போயிற்று. பந்தும் தரையும் துளி சூடாகின. கைக்குத் தெரியாத அளவு துளி. ஜூல் செய்ததும் இதுதான். எடைக்கல் கீழே இறங்க, அதன் இழுப்பில் தண்ணீருக்குள் துடுப்பு சுழல, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். நம் கணக்கில் சொன்னால், தண்ணீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, அந்த வேகம் முழுதும் சூடாக மாறினால்தான் ஒரு டிகிரி ஏறும். அதனால்தான் குற்றாலத்தில் குளிக்கிறவர்களுக்கு அருவி வெந்நீராகத் தெரிவதில்லை!

இரண்டாம் சாயங்காலம்: ஒற்றை வேர்க்கடலை

இதைப் பெரியவர்கள் பக்கத்திலிருந்துதான் செய்ய வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம். பருத்தி உடையே நல்லது. தலைமுடியைக் கட்டிக்கொள்ளட்டும். பாதி உருளைக்கிழங்கைத் தட்டில் கவிழ்த்து, அதில் ஓர் ஊசியைக் குத்தி, ஊசி முனையில் ஒரு வேர்க்கடலைப் பருப்பைச் செருகுங்கள். மெழுகுவர்த்தியால் பற்றவையுங்கள். பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். பிடித்ததும் அகல்விளக்கு மாதிரி நின்று எரியும். சின்னக் கரண்டியில் நாலு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, இடுக்கியால் பிடித்து, அதன்மேல் காட்டுங்கள். தண்ணீர் நன்றாகச் சூடேறிவிடும்.

பிள்ளையின் கண்கள் விரியும் பாருங்கள். தின்கிற கடலைக்குள் இத்தனை நெருப்பா? "இது எங்கிருந்து வந்தது?" என்ற நம் கேள்வியைப் போடுங்கள். செடியிலிருந்து, செடிக்கு வெயிலிலிருந்து. 100 கிராம் வேர்க்கடலையில் உத்தேசமாக 567 கிலோ கலோரி இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவதுதான் ஒரு கிலோ கலோரி. அரை கிராம் பருப்பில் இரண்டரைக்கு மேல் இருக்கும். அதில் பாதி முழுசாகத் தண்ணீரில் சேர்ந்திருந்தாலே நாலு டீஸ்பூனும் கொதித்திருக்கும். கொதிக்கவில்லையே? மீதி காற்றுக்கும் கரண்டிக்கும் போயிற்று. இதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியே ஒரு சங்கிலி எழுதச் சொல்லுங்கள். வெயில், நெல், சாதம், சைக்கிள் மிதி. மேட்டூர் அணையின் தண்ணீரை மேகமாக மேலே தூக்கியது யார்? வெயில். முப்பந்தல் காற்றாலைக்குக் காற்று ஏன் வீசுகிறது? வெயிலில் நிலம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சூடாவதால். நெய்வேலி பழுப்பு நிலக்கரி? எப்போதோ வெயிலில் வளர்ந்த செடிகொடிகள். எல்லாம் சூரியனிடம் போய் முடிகிறதே என்று நினைக்கும்போது கல்பாக்கத்தைச் சொல்லுங்கள். அங்கே அணுவின் கருவுக்குள்ளிருந்து வருவது நம் சூரியன் கொடுத்ததல்ல. விதிவிலக்கைக் கண்டுபிடிப்பதென்றால் பிள்ளைகளுக்கு அல்வா!

மூன்றாம் சாயங்காலம்: டம்ளரும் வாளியும்

இப்போதுதான் நம் கேள்விக்கு வருகிறோம். ஒரு டம்ளர் கொதிநீரும் ஒரு வாளி குழாய்த் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் 200 மில்லி, வாளி 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொதிநீரைக் கவனமாக நீங்களே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். குழந்தையைக் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"சூடே இல்லையேம்மா!"

"ஊத்தின சூடு எங்கே போச்சு? வாளியை விட்டு வெளியே போச்சா?"

போகவில்லை. அத்தனையும் வாளிக்குள்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் வாளித் தண்ணீர் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். "சரி, அந்தச் சூட்டைத் திரும்ப எடுத்து எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுத் தா" என்று கேளுங்கள். முடியாது.

இந்த இடத்தில் அரிசிக் கதையைச் சொல்லுங்கள். ஒரு மூட்டை அரிசி வீட்டில் இருக்கிறது. ஒரு குறும்புக்காரன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஊர் முழுக்கத் தெருத் தெருவாக ஒவ்வொரு மணியாக இறைத்துவிட்டான். ஒரு மணிகூட அழியவில்லை. எண்ணினால் அத்தனையும் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் ராத்திரிக்கு உலை வைக்க முடியுமா? பொறுக்கிச் சேர்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். பொறுக்குகிறவள் சாப்பிடவும் அரிசி வேண்டும்!

ஆற்றலும் அப்படித்தான். நிலக்கரியில், கடலையில், அணைத் தண்ணீரில், கேஸ் சிலிண்டரில் அது மூட்டை கட்டியிருக்கிறது. உபயோகித்த பிறகு இளஞ்சூடாகக் காற்றிலும் சுவரிலும் தரையிலும் சிதறிவிடுகிறது. அழியவில்லை, ஆனால் அள்ள முடியாதபடி இறைந்துவிட்டது. நாம் சேமிப்பது மூட்டையைத்தான். தாம்சன் 1852ல் சொன்னதன் சாரமும் இதுவே.

இனி ஃபேனுக்கு வாருங்கள். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிருமா? பெரியவர்களே "குளிரும்" என்பார்கள். குளிராது! ஃபேன் காற்றை ஓட்டி, நம் மேல் வேர்வையைக் காயவைப்பதால் நமக்குத்தான் ஜில்லென்கிறது. யாரும் இல்லையென்றால் மோட்டாரின் சூடும், ஓடிக் களைத்து அடங்கும் காற்றின் சூடும் சேர்ந்து அறை துளி கூடுதலாகத்தான் சூடாகும். எங்கேயோ கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் ஒரு காலி அறையில் இறைத்திருக்கிறோம். உங்கள் மகளின் கேள்விக்கு இதுதான் பதில், சகோதரி. அவளையே சொல்ல வையுங்கள்; 'ஆற்றல்' என்ற வார்த்தை இல்லாமல்!

நான்காம் சாயங்காலம்: மாடிப்படிக் கணக்கு

மின்சார மீட்டரைக் காலையிலும் மறுநாள் காலையிலும் குழந்தையே படித்து எழுதட்டும். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். இந்த எண் யாருக்குப் புரியும்? ஆகவே மாடிப்படியில் ஏறச் சொல்லுங்கள். 30 கிலோ எடையுள்ள பிள்ளை 3 மீட்டர் உயர மாடிக்கு ஒரு தடவை ஏறினால், தன் எடையை மேலே தூக்க 900 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு யூனிட்டுக்கு ஈடுகட்ட சுமார் 4,000 தடவை ஏற வேண்டும்!

அந்த ஒரே யூனிட்டில் 75 வாட் ஃபேன் 13 மணி நேரம் ஓடும். பழைய 60 வாட் குண்டு பல்பு 16 மணி 40 நிமிஷம் எரியும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்போ 111 மணி நேரம் எரியும். குண்டு பல்பு ஏன் கையைச் சுட்டது என்று குழந்தையே சொல்லிவிடும். வெளிச்சத்துக்கு என்று வாங்கியதில் பெரும்பகுதி சூடாக இறைந்தது.

கேஸ் அடுப்பிலும் இதே கதைதான். நல்ல அடுப்பிலேயே சுமார் மூன்றில் ஒரு பங்கு சூடு பாத்திரத்துக்குப் போகாமல் நம் முகத்துக்கும் காற்றுக்கும் போகிறது. மூடி போட்டுச் சமைப்பது, கொதி வந்ததும் தணலைக் குறைப்பது இதெல்லாம் பாட்டி சொன்ன சிக்கனம் மட்டுமில்லை, பௌதிகமும்தான். திறந்த பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீருக்கு எத்தனை தீ வைத்தாலும் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆவிதான் அதிகமாகப் போகும். பருப்பு சீக்கிரம் வேகாது.

உடம்புக் கணக்கு

இது ஆரோக்கியப் பத்திரிகை. ஆகவே உடம்பை விட்டுவிட முடியாது. ராபர்ட் மேயர் என்று ஒரு ஜெர்மன் டாக்டர் இருந்தார். 1840ல் டச்சுக் கப்பலில் வைத்தியராக ஜாவாவுக்குப் போனார். அங்கே மாலுமிகளுக்கு அக்கால வழக்கப்படி ரத்தம் எடுத்தபோது, சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இல்லாமல் நல்ல சிவப்பாக இருக்கக் கண்டு திகைத்தார். வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள உணவைக் குறைவாக எரித்தால் போதும், அதனால்தான் ரத்தத்தில் பிராணவாயு மிச்சமிருக்கிறது என்று யோசித்தார். சாப்பாடு, உடம்புச் சூடு, உழைப்பு எல்லாம் ஒரே கணக்கில் வருகின்றன என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. 1842ல் அதை எழுதி வெளியிட்டார்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சர்க்கரையில் காட்டலாம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 5 கிராம், 20 கிலோ கலோரி. உடம்பு அதில் சுமார் நாலில் ஒரு பங்கைத்தான் உழைப்பாக மாற்றும், மீதி சூடு. ஓடினால் வேர்ப்பது அதனால்தான். அந்த ஒரு ஸ்பூனுக்கே நம் 30 கிலோ பிள்ளை இருபது தடவைக்கு மேல் மாடி ஏறலாம். அப்படியானால் நாலைந்து ஸ்பூன் கரைத்த பாட்டில் பானத்தைக் குடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால்? மிச்சம் எங்கே போகும் என்று அவளே சொல்லட்டும். உடம்பும் மூட்டை கட்டி வைக்கும், கொழுப்பாக!

இன்னொரு பக்கமும் உண்டு. தூக்கம் உடம்பைச் செப்பனிடுகிறது. தண்ணீர் இல்லாமல் உடம்பு இயங்காது. இரண்டும் மிகமிக அவசியம். ஆனால் இரண்டிலும் ஒரு கலோரிகூடக் கிடையாது. ஆகையால் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு பள்ளிக்கூடம் ஓடும் குழந்தை, பாடத்தைக் கவனிக்க எதை எரிக்கும்? பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான். வகுப்பில் "சோம்பேறி" என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை

"எனக்கு சயின்ஸ் தெரியாது" என்று பிள்ளை எதிரில் தயவுசெய்து சொல்லாதீர்கள். குக்கர் வெயிட் எதனால் எழும்புகிறது, இட்லிப் பானையைத் திறந்ததும் ஏன் கை சுடுகிறது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஏன் துள்ளுகிறது என்பதெல்லாம் தினமும் உங்கள் கையில் நடக்கிற விஷயங்கள். பதில் தெரியாவிட்டால், "வா, பார்ப்போம்" என்றால் போதும். அந்த இரண்டு சொல்லில் பிள்ளைக்கு வரும் துணிச்சல் எந்த டியூஷனிலும் கிடைக்காது.

அப்புறம், சேலத்துச் சகோதரி, நாலு சாயங்காலமும் முடிந்ததும் உங்கள் மகள் தன் பதிலைத் தானே ஒரு தாளில் எழுதி டீச்சரிடம் மரியாதையாகக் கொடுக்கட்டும். "அன்னிக்குக் கேட்டேனே டீச்சர், கண்டுபிடிச்சுட்டேன்" என்று சொல்லிக் கொடுக்கட்டும். பிள்ளை தானாகக் கண்டுபிடித்து வந்து சொல்லும்போது நெகிழாத ஆசிரியை கிடையாது.

மற்ற சகோதரிகளும் உங்கள் பிள்ளைகள் கேட்டு உங்களைத் திணறடித்த கேள்விகளை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் சமையலறை குளிருமா என்று பார்ப்போம். அதுவரை கதவை மூடியே வையுங்கள்!